தமாம்காரிக்கு சிக் லீவ்

அந்த அக்கா வீட்டுப் படியை நான் முதன்முதலாக ஏறியது சண்டை போடத்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது, சுசீந்திரத்தில் என்னைப் பெற்றவர்கள் தொடங்கி நாகர்கோவிலில் என்னைக் கட்டியவர் வரை எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. முன்னறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விகிதக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்த யாரோ கிட்டார் வாசிக்கிறார்கள். வாசித்துவிட்டுப் போகட்டும். ஆனால் சுவரல்லவா அதிர்கிறது. அடுக்களை ஸ்டாண்டில் இருக்கும் ஒரு எவர்சில்வர் தட்டு ஒரே ஒரு சுரம் வரும்போது மட்டும் கூடவே சேர்ந்து பாடுகிறது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கின்றன. சாக்பீசை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். குள்ளம். நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. தோளில் கிட்டார், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் யோசித்து வைத்திருந்த முதல் வரி எனக்கு மறந்தே போயிற்று.

"உங்களுக்குக் கொஞ்சமாவது யோசனை இருக்கா? பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கு. அங்க எனக்க தட்டு கெடந்து அடிக்கி" என்றேன்.

அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். யாரோ சீட்டு விழுந்திருக்கிறது என்று சொன்ன மாதிரி.

"தட்டா? எந்தத் தட்டு?"

நான் பதில் சொல்வதற்குள் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு என் வீட்டுக்குள் ஓடிவிட்டாள். டியூஷன் பிள்ளைகளைத் தாண்டி நேரே அடுக்களை. ஸ்டாண்டில் இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டிச் சுண்டிக் காதில் வைத்துப் பார்த்தாள். ஏழாவது தட்டில் நின்றாள். "இதாக்கும் ஆளு. டீச்சரே, இஞ்சயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தன் வீட்டுக்கு ஓடினாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"பாடுதா?"

"பாடுது" என்றேன் நான்.

"இப்போ?"

"இல்ல."

"இப்போ?"

"லேசா."

சண்டை போடப் போனவள் பத்து நிமிடம் தட்டுக்குக் காவல் நின்றேன். கணக்கைப் போடாமல் பதினாலு பிள்ளைகளும் அடுக்களை வாசலில் வந்து நின்றன. கடைசியில் ஒரு பழைய சைக்கிள் டியூப் துண்டோடு வந்து, தட்டுக்கு அடியில் அதைச் செருகிவிட்டு, "நல்ல குரலு. ஆனா தாளத்துல நிக்காது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

பெயரைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. அக்கா என்றே இருக்கட்டும். இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரைக்காரி. சவுதியில் தமாமில் பதினெட்டு வருடம் நர்சாக இருந்துவிட்டு வந்தவள். வீட்டுக்காரர் கப்பலில். மகள் வெளியூரில் படிப்பு. வீட்டில் அக்காவும் பதினோரு பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களும்.

கிட்டாரின் சத்தத்தைப் பெரிதாக்கித் தரும் பெட்டிதான் அது. இப்போது வருவதெல்லாம் கைக்கு அடக்கமாக, சுவிட்சைப் போட்டதும் கத்தும். அக்கா சேர்த்தது அதுவல்ல. பழைய ரேடியோவில் இருக்குமே, கண்ணாடிக் குப்பி மாதிரி வால்வு, அந்த வால்வு வைத்த பெட்டிகள். சுவிட்சைப் போட்டால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு வால்வுக்குள் மெல்ல ஆரஞ்சு நிறம் ஏறும். பெட்டி சூடாகும். பழைய தூசி வேகிற ஒரு வாசம் வரும். அப்புறம்தான் வாயைத் திறக்கும். அந்த அரை நிமிடத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். பிரசவ வார்டு வாசலில் நிற்கிற அப்பன்மார் எவனும் அப்படி நின்றிருக்க மாட்டான்.

அவள் வீட்டில் எந்தப் பெட்டியும் சும்மா இருக்கக் கூடாது. அதுதான் அவளுடைய ஒரே சட்டம். பழைய சாமான் சேர்ப்பவர்கள் கண்ணாடிக்குள் வைத்துத் துடைப்பார்கள். அக்காவுக்கு அதைக் கேட்டாலே வெப்ராளம் பிடித்துவிடும். "பாடப் பொறந்தத மூடி வைக்க நான் யாரு?" என்பாள். சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தாள். ஆஸ்பத்திரி வார்டில் இருக்குமே, அதே டூட்டி சார்ட். மேலே கிழமைகள், இடது பக்கம் பெட்டிகளின் பெயர்கள். அவளே வைத்த பெயர்கள்தான். நீலம், தடியன், கோழி, சின்னப்பொண்ணு இப்படி. காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், ஆஃப். தடியனுக்குத் தொடர்ந்து இரண்டு நாள் டூட்டி போட்டால் அதன் வால்வு சூடாகிவிடும் என்று புதன்கிழமை ஆஃப். என் டியூஷன் நேரத்தையும் அந்தச் சார்ட்டில் சிவப்பு மையால் எழுதி, குறுக்கே "சைலன்ஸ்" என்று போட்டாள்.

சார்ட்டின் கடைசி வரியில் "தமாம்காரி" என்று ஒரு பெயர். அதற்கு நேரே ஏழு நாளுக்கும் "சிக் லீவ்". அதை நான் நாலு மாதம் வேடிக்கை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எதிலும் பொறுமை இல்லாதவள். மீனைச் சட்டியில் போட்டு வேகும் முன்னே ருசி பார்ப்பாள். பஸ் நிற்கும் முன்னே இறங்குவாள். தாலூகா ஆபீசில் வரிசையில் நின்றால் முன்னால் நிற்கிறவர் ஃபாரத்தையும் இவளே பூர்த்தி செய்து தள்ளிவிடுவாள். ஆனால் கரண்டு என்று வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவாள். பெட்டியைத் திறந்தால் இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். பிளக்கைப் பிடுங்கி வைத்த பிறகும் இந்த வால்வுப் பெட்டிகளுக்குள் கரண்டு ஒளிந்திருக்குமாம். இரண்டு கையாலும் தொட்டால் நெஞ்சு வழியாகப் போகுமாம். அதனால் ஒற்றைக் கையால்தான் வேலை. பிளக்கைச் சொருகும் முன் பெட்டியின் பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்ட்டை மூன்று தடவை வாய்விட்டு வாசிப்பாள். பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்து டிரான்ஸ்ஃபார்மரின் உறுமலைக் கேட்பாள். அப்போது யாராவது பேசினால் தொலைந்தார்கள். சண்டைக்காரி நானே வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

கோழி வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். சிதறால் பக்கம் ஒரு வீட்டில் பழைய ஆம்ப் கிடக்கிறது என்று பள்ளி விடுமுறையில் யாரோ சொல்லி, ரெண்டு பேரும் பஸ் ஏறினோம். அந்த வீட்டுக்காரரின் மாமா ஒரு காலத்தில் கிளப்பில் வாசித்தவராம். பெட்டி விறகுப்புரையில் இருந்தது. பின்பக்கப் பலகை இல்லை. உள்ளே வைக்கோல் போட்டு ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது.

அக்கா குனிந்து கோழியைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். "டீச்சரே, ஸ்பீக்கர் கிழியல்ல கேட்டியா. வால்வு ரெண்டு அப்படியே இருக்கு" என்று என் கையைப் பிடித்து நசுக்கினாள். கோழி அவள் மூக்கைக் கொத்தப் பார்த்தது.

வீட்டுக்காரம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். "பெட்டிய கொண்டு போங்க, எனக்கொண்ணும் இல்ல. ஆனா கோழிய இளக்கப்பிடாது. இண்ணைக்குத்தான் வச்சேன். முட்டை பதினொண்ணு கெடக்கு."

இருபத்தொரு நாள். பஸ் நிற்கும் முன்னே இறங்குகிறவள் அந்த இருபத்தொரு நாளில் நாலு தடவை சிதறாலுக்குப் போய்வந்தாள். போகும்போதெல்லாம் கோழிக்குத் தவிடு வாங்கிப் போனாள். ஒரு முட்டை பொரிக்காமல் கூழையாகப் போனதற்கு என்னிடம் துக்கம் சொன்னாள். பத்துக் குஞ்சும் வெளியே வந்த அன்றைக்கு அங்கேயே வைக்கோலைத் தட்டி, கோழிப்பீயைச் சுரண்டி, வீடு வந்து சேரும் வரைக்கும் பொறுக்காமல் களியல் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கோழிக்குஞ்சைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டே வந்தாள். பத்து நாள் கழித்து அது பாடியது. சும்மா சொல்லக் கூடாது, மழைக்கால ராத்திரித் தவளை மாதிரி கொழகொழவென்று ஒரு குரல். அக்கா வாசிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"எப்பிடி?"

"கொள்ளாம்" என்றேன். நன்றாக இருக்கிறது என்கிற அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் நான் மனதாரச் சொன்னேன். நானே ஒரு கிறுக்கி ஆகிவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

தமாம்காரி யார் என்று எனக்குத் தெரிய வந்தது மீனால்.

எங்கள் வீடு சைவம். ஒரு வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தால் கேட்டில் ஒரு பை தொங்குகிறது. உள்ளே அயிலை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஆளைப் பிடித்தேன். நெடுநெடுவென்று, வெயிலில் கறுத்த ஒருவன். வயது நாற்பத்தைந்து இருக்கும். திருடன் மாதிரி முழித்தான்.

"மன்னிச்சிருங்க டீச்சர். இது உங்களுக்கில்ல. எங்க அக்காட்ட குடுத்திருங்க. நான் தந்தேன்னு சொல்லண்டாம்."

"அவிய வீடு அடுத்த வீடுதானே. நாலு அடி நடக்க என்ன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு பைக்கை எடுத்துப் போய்விட்டான். பையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். யார் தந்தது என்று கேட்கவில்லை. "நல்ல பெடப்பு மீனு, இப்பம் பிடிச்சது" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதுதான் முழுக்கதையையும் சொன்னாள்.

தமாமில் நர்சுகள் குவார்ட்டர்சில் அவள் முதன்முதலில் வாங்கிய பெட்டி அது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு பிலிப்பைன்ஸ்காரி விட்டுவிட்டுப் போனது. எந்தக் கம்பெனி பெயரும் அதில் இல்லை. எந்த ஊரிலோ எவரோ கையால் செய்தது. அங்கே எந்நேரமும் நைட் டூட்டி முடித்த ஒருத்தி பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருப்பாள். அதனால் அக்கா பெட்டிக்கு முன்னால் ஒரு தலையணையைச் சாய்த்து வைத்து, வால்யூமை ஒன்றிலேயே வைத்து வாசிப்பாள். பெட்டியின் திருகில் பத்து வரை எண் உண்டு. பதினெட்டு வருடம் ஒன்றைத் தாண்டியதில்லை.

"ஊருக்கு வந்து பத்துல வச்சு ஒரு தட்டு தட்டணும். அவளுக்க முழுக் குரல ஒரு தடவ கேக்கணும். வேற ஆசையே கெடையாது எனக்கு" என்றாள்.

அவள் வந்து இறங்கிய அன்று கடற்கரை வீட்டில் ஊரே கூடியிருந்தது. அக்கா குளிக்கப் போயிருக்கிறாள். மீன் கொண்டுவந்த இந்தத் தம்பி, அக்காவுக்கு ஆச்சரியம் காட்ட வேண்டும் என்று பெட்டியைப் பிரித்து ஹாலில் வைத்து பிளக்கைச் சொருகியிருக்கிறான். தமாம் குவார்ட்டர்சில் நூற்றுப்பத்து வோல்ட். இங்கே இருநூற்று முப்பது. வோல்ட்டைக் குறைக்கிற ஒரு தனிப் பெட்டி அக்கா கொண்டுவந்த சூட்கேசுக்குள் இருந்தது. அவனுக்குத் தெரியாது.

அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பியூஸ் போயிற்று, அவ்வளவுதான். பெட்டி தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டது. ஆனால் தம்பி வள்ளத்துக்காரன். நடுக்கடலில் விளக்கு பியூஸ் போனால் கரைக்கா வர முடியும்? ஒரு கம்பி இழையைச் சுற்றிப் போட்டுவிட்டுத் தொழிலைப் பார்ப்பார்கள். அது அவர்களுக்குக் கைவந்த வேலை. அவனும் ஒரு கம்பியைச் சுற்றினான். திரும்பச் சொருகினான். அக்கா ஈரத்தலையோடு வெளியே வரும்போது ஹால் முழுக்கப் புகை.

"நீங்க என்ன சொன்னிய?"

"என்னத்தச் சொல்ல. அவன் நின்ன நிலையைப் பாத்தேன். பெட்டிதானலே மக்கா, போட்டும்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதுக்குப் பொறவு அவன் எனக்க வீட்டுப் படி ஏறல்ல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "ரெண்டு வை வச்சிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும். நல்லா ஏசியிருக்கணும். நீங்க பெரிய மனுசி மாதிரி போட்டும்னு சொன்னதுலதான் அவன் செத்தான்" என்றேன்.

அக்கா கரண்டியால் குழம்பைக் கிண்டிக்கொண்டே, "ஏசத் தெரியலியே பிள்ளே. நீ பக்கத்துல இருந்திருக்கப்பிடாதா" என்றாள்.

பெட்டிக்குள் கெட்ட மற்ற எல்லாவற்றையும் அவள் எப்போதோ மாற்றிவிட்டாள். கருகிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான் பாக்கி. கம்பெனி பெயர் இல்லாததால் வேறு வாங்க வழியில்லை. பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைகளில் ஏறி இறங்கினாள். எத்தனை சுற்று என்று தெரிந்தால் கட்டித் தருகிறோம், இந்தக் கரிக்கட்டியை யார் பிரித்து எண்ணுவது என்று எல்லாக் கடையிலும் கை விரித்துவிட்டார்கள். அந்தக் கரிக்கட்டி, முன்கதவு அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்துக் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஊர் மாதா கோயில் பூசைக்கு நீலத்தைக் கொண்டுபோனோம். பாடகர் குழுவில் அக்காதான் கிட்டார். நான் பெட்டி தூக்கி. பழைய வால்வுப் பெட்டிகள் சில நேரம் வானொலியைத் தானாகப் பிடித்துவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. சாமியார் நன்மை அப்பம் கொடுத்து முடிந்து, கோயில் முழுக்க முழந்தாளிட்டு, குண்டூசி விழுந்தால் கேட்கிற அமைதி. நீலம் வாயைத் திறந்தது.

"தென் தமிழகக் கடலோரப் பகுதிகளில் பலத்த காற்று வீசக்கூடும் என்பதால் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

சாமியார் அப்படியே நின்றுவிட்டார். கடற்கரை ஆம்பிளைகள் அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அவ்வளவுதான், கோயிலே சிரித்தது. முதலில் சிரித்தவன் தம்பி. அக்கா சிரிப்போடு திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அக்கா நீலத்தின் திருகைத் தேவையில்லாமல் திருகிக்கொண்டிருந்தாள். எனக்கு அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து அவள் முன்னால் நிறுத்த வேண்டும் போலிருந்தது.

பூசை முடிந்து வெளியே அவனைப் பிடித்தேன். "அந்த டிரான்ஸ்ஃபார்மர்ல எத்தன சுத்துன்னு தெரிஞ்சா போதும். ஒருத்தனுக்கும் எண்ணப் பொறுமை இல்ல. நீ வலை முடையற ஆளுதானே. கண்ணி எண்ணத் தெரியும்லா?" என்று கேட்டேன்.

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். "அத எனக்க கையில தருவாவளா?" என்றான்.

"கேட்டாத்தானே தரமாட்டாவ."

மறுநாள் அக்கா சந்தைக்குப் போன நேரம் பார்த்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கரிக்கட்டியை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கருங்கல்லை வைத்தேன். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள் செய்கிற வேலையா இது? செய்தேன். அக்கா திரும்பி வந்து கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் சார்ட்டைப் பார்த்தால், தமாம்காரிக்கு நேரே "சிக் லீவ்" அடித்திருக்கிறது. அதற்கு மேலே "ஆபரேஷன் தியேட்டர்". நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மீன்பிடித் தடைக்காலம். வள்ளங்கள் கரையில் கிடந்தன. ஒரு மாதத்துக்கும் மேல் அவன் அந்தக் கரிக்கட்டியோடு உட்கார்ந்திருக்கிறான். கருகிய கம்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்குமாம். இழுத்தால் அறும். வலையூசியால் ஒவ்வொரு சுற்றாகக் கிளப்பி எண்ணியிருக்கிறான். எண்ணிக்கை விட்டுப்போகாமல் இருக்க, பத்துச் சுற்றுக்கு ஒரு முடிச்சு என்று நைலான் நூலில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை கேட்டில் மீன் பைக்குப் பதிலாக வேறொரு பை தொங்கியது. உள்ளே மூன்று நூல், மூன்றிலும் முடிச்சு. கூடவே ஒரு சீட்டில், எந்த நூல் எந்தச் சுற்றுக்கு, முடிச்சுக்கு மிஞ்சியது எத்தனை என்று கோணல் எழுத்தில்.

அன்று சாயங்காலம் அவனே போன் செய்தான்.

"டீச்சர், ஒரு சம்சயம். இதே அளவுல கட்டினா இதுக்கும் நூத்துப்பத்துதானே வேணும்? நம்ம ஊரு கறண்டுல நேரா சொருகினாலும் எரியாம இருக்கிற மாதிரி கட்ட முடியாதா? இனி எந்த மடையன் சொருகினாலும் ஒண்ணும் ஆவப்பிடாது."

போனைக் காதில் வைத்தபடியே பேனாவைத் தேடினேன். பிறகு டியூஷன் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருப்பி, பின்பக்கம் போட்டேன். கரண்டு உள்ளே நுழைகிற சுற்று இருநூற்று அறுபத்து நாலு. அது நூற்றுப்பத்துக்கு. இருநூற்று முப்பதுக்கு எத்தனை? பத்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற விகிதக் கணக்கு. ஐந்நூற்று ஐம்பத்திரண்டு. நாலு தடவை சரிபார்த்தேன். காயில் கட்டுகிற கடைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, சரிதான், கம்பியைக் கொஞ்சம் மெல்லிசாகப் போட வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டியூஷனுக்கு லீவு விட்டேன். பதினோரு மணிக்கு அவன் அக்கா வீட்டு வாசலில் நின்றான். கையில் துவர்த்துத் துண்டில் சுற்றிய புது டிரான்ஸ்ஃபார்மர். படி ஏறவில்லை.

அக்கா கதவில் வந்து நின்றாள். "மீன் குடுக்க மட்டும் டீச்சர் வீட்டுக்கு வழி தெரியுமோலே உனக்கு? உள்ள வா."

வந்தான்.

இடது கை முதுகுக்குப் பின்னால். ஒரு மணி நேரம் அக்கா ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். வேலை முடிந்து நிமிர்ந்து, பிளக்கை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

அவன் பின்னால் நகர்ந்தான். "நான் தொடமாட்டேன் அக்கா. நீங்களே போடுங்க."

"நீதான் போடணும்."

"பியூஸ் போனா?"

"போனா போட்டும். புதுசு போடுவோம். கம்பி மட்டும் சுத்தப்பிடாது, கேட்டியா" என்றாள் அக்கா.

இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அவன் சிரித்தானா அழுதானா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டும்தான். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் பிளக்கைச் சொருகினான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பியூஸ் நின்றது. அக்கா ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். வால்வுகளில் ஆரஞ்சு நிறம் ஏறியது. என் ஐந்நூற்று ஐம்பத்திரண்டு அங்கே உள்ளே ஓடுகிறதல்லவா. அக்கா கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒரு கம்பியைத் தட்டினாள். குவார்ட்டர்சில் கேட்ட அதே குரல் என்று தலையசைத்தாள். வால்யூம் ஒன்று. பழக்கத்தில் பெட்டிக்கு முன்னால் அந்தப் பழைய தலையணையையும் வைத்திருந்தாள்.

தலையணையை எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் தம்பி கையில் கொடுத்தாள். அவன் அதைப் பிள்ளையைப் போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். அக்கா திருகைத் திருப்பினாள். மூன்று. ஐந்து. ஏழு. பத்து.

தட்டினாள்.

இனிமையாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். இனிமையாவது ஒன்றாவது. கரகரவென்று, அடித்தொண்டையிலிருந்து, கூச்சமே இல்லாத ஒரு பெரிய குரல். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தெருவில் போன ஆட்டோ நின்றது. அக்கா திகைத்து நின்றாள். பதினெட்டு வருடம் மனதில் கேட்டது இதுவல்ல என்று அவள் முகத்தில் தெரிந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

தம்பிதான் முதலில் பேசினான். "அக்கா, இது அம்மைக்க குரலுல்லா. தலையில இருந்து மீன்கடவத்தை எறக்கி வச்சிட்டு, சந்தையில கூவுவாளே."

அக்கா அவனைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை தட்டினாள். பிறகு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்தப் பெட்டியையும் மீறிக் கேட்டது. "ஆமலே. அவளேதான்" என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவில்லை. தம்பி தலையணையோடு ஆடிக்கொண்டிருந்தான். எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை, அதை மறைத்துப் பயனில்லை.

இப்போது நானும் என் வீட்டுக்காரரும் கோயம்புத்தூரில் இருக்கிறோம். இந்த வீட்டுச் சுவர் எதற்கும் அசைவதில்லை, தட்டுகள் ஸ்டாண்டில் அமைதியாக இருக்கின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை. தமாம்காரி பத்தில் பாடிய அன்றைக்கு, நடு வாசிப்பில், சுவருக்கு அந்தப் பக்கம் என் அடுக்களையில் ஸ்டாண்டோடு எல்லாமே சரிந்து விழுந்து சிதறுகிற சத்தம் கேட்டது. அக்கா வாசிப்பதை நிறுத்தாமல் என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"டீச்சரே, உனக்க தட்டு."

"விழட்டும்" என்றேன். "நீங்க வாசிங்க."